மூன்று வகுப்புக்கு ஒரு விசில்

"இனிமே பி.டி. மாஸ்டருக்கு ராஜயோகம்தான்னு ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. கேட்டீங்களா?"

"கேட்டேன், கேட்டேன். பெண்டாட்டி டைம் டேபிள் போட்டா புருஷனுக்கு தினமும் லீவாம்."

"எனக்கு உடம்பெல்லாம் எரியுது."

"எரிய விடாதே. நாம ஒரு ஒப்பந்தம் போட்டுக்குவோம். வீட்ல உன்கிட்ட என்ன வேணாலும் கேப்பேன். ஸ்கூல்ல ஒண்ணுமே கேக்க மாட்டேன்."

"நீங்க கேட்டாலும் நான் செய்ய மாட்டேன்."

"அதானே பார்த்தேன்! கை குடு."

கல்யாணமான புதிதில், சிவப்பு விளக்குக்காக நின்றிருந்த பைக்கில் நடந்த பேச்சு அது. அவன் முன்னால் இருந்து கையை வளைத்துப் பின்னால் நீட்டினான். அவள் குலுக்கினாள். விளக்கு பச்சைக்கு மாறியதை இருவருமே கவனிக்கவில்லை. பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரனை அழுத்தியபிறகுதான் வண்டி நகர்ந்தது.

பள்ளி திறக்க இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பாக்கி இருந்த அந்தச் சனிக்கிழமை காலை, கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்திருந்தபோது கணக்கு டீச்சருக்கு அந்தப் பேச்சுதான் ஞாபகம் வந்தது. அவள் கணக்கு டீச்சர். அவன் அதே பள்ளியில் பி.டி. மாஸ்டர். இத்தனை வருடங்களில் ஒப்பந்தத்தை இருவருமே மீறியதில்லை. ஒவ்வொரு வருடமும் பள்ளி திறக்கும் முன்பு எல்லா ஆசிரியர்களிடமும் அவள் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பாள். சயின்ஸ் சாருக்கு லேப் நாளில் இரண்டு பீரியட் சேர்ந்தாற்போல் வேண்டும். வரலாறு டீச்சருக்கு முதல் பீரியட் வேண்டவே வேண்டாம். கடைசியில் கணவனிடமும் முறைப்படி கேட்பாள். அவன் வாயைத் திறப்பான். காது மடலைத் தேய்த்துக்கொள்வான். "எனக்கென்ன? ஒண்ணும் இல்ல" என்று சொல்லி வாயை மூடிக்கொள்வான்.

ஏதோ ஒன்றை மென்று விழுங்குகிறான் என்பது அவளுக்குத் தெரியும். கட்டின பெண்டாட்டிக்கு அதுகூடத் தெரியாதா? ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று விட்டுவிடுவாள்.

இந்த வருடம் அப்படி விட முடியவில்லை. ஊரின் மறுகோடியில் இருந்த பெரிய பள்ளி ஒன்று அவனை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமை காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். "இங்க என்ன குறை?" என்று கேட்டதற்கு, "குறைன்னு ஒண்ணும் இல்ல, யோசிக்கணும்" என்றான். "போகாதீங்க" என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அது வீட்டு விஷயமா, பள்ளி விஷயமா? எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் அவளும் மென்று விழுங்கினாள்.

"டீச்சர், சாஃப்ட்வேர் திறந்துடுச்சு!" என்றாள் கம்ப்யூட்டர் மிஸ்.

இதுவரை டைம் டேபிள் என்றால் வீட்டுக் கூடத்தில் விரித்த பெரிய அட்டை. அதன்மேல் ஒரு பாடத்துக்கு ஒரு நிறமாக வெட்டிய காகிதத் துண்டுகள். அந்த வாரம் முழுக்க வீட்டில் ஃபேன் ஓடாது. யாரும் வேகமாக நடக்கக்கூடாது, தும்மக்கூடாது. ஒருமுறை நாத்தனார் வாசல் கதவைப் படாரென்று திறந்து ஒன்பதாம் வகுப்பு முழுவதையும் சோஃபாவுக்கு அடியில் பறக்கவிட்டாள். இந்த வருடம் பள்ளி ஒரு மென்பொருள் வாங்கியிருந்தது. ஆசிரியர், வகுப்பு, அறை, விதி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் அதுவே அடுக்கித் தரும். ஒவ்வொரு விதியையும் 'கட்டாயம்' என்றோ 'முடிந்தால்' என்றோ குறிக்க வேண்டும், அவ்வளவுதான். அவளும் கம்ப்யூட்டர் மிஸ்ஸும் வாரம் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றி முடித்திருந்தார்கள்.

அறையின் மூலையில் பி.டி. மாஸ்டர் சம்மணமிட்டு உட்கார்ந்து பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். அவளுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுவந்தவன், அப்படியே தங்கிவிட்டான். பக்கத்து நாற்காலியில் வரலாறு டீச்சர். அதாவது அவனுடைய அக்கா, அவளுடைய நாத்தனார். முதல் பீரியட் தன் தலையில் விழாமல் காவல் காக்க நேரிலேயே வந்திருந்தாள்.

"அழுத்தட்டுமா?" என்று கேட்டாள் கம்ப்யூட்டர் மிஸ்.

"அழுத்து. ஆனது ஆகட்டும்."

திரையில் பச்சைக் கோடு ஒன்று நீள ஆரம்பித்தது. கட்டங்கள் தாமாக நிரம்பின. ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, மளமளவென்று. அட்டையில் ஒரு முழு நாள் எடுக்கும் வேலையை அது மூச்சு விடுவதற்குள் செய்தது. கணக்கு டீச்சர் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டாள். மூலையிலிருந்து ஆட்ட வர்ணனை கேட்டது.

"பந்து எட்டாம் வகுப்பைத் தாண்டிடுச்சு... ஒன்பதாம் வகுப்புக்குள்ள நுழையுது... தடுக்க ஆளே இல்ல..."

கோடு பாதியில் நின்றது. திரை சிவந்தது.

"ஆஃப்சைட்" என்றான்.

"நீங்க சும்மா இருங்க. ஏன் நின்னுச்சு?"

கம்ப்யூட்டர் மிஸ் எட்டிப் பார்த்தாள். "எல்லாரோட விருப்பத்தையும் 'கட்டாயம்'னு போட்டிருக்கீங்க டீச்சர். எல்லாருக்கும் எல்லாம்னா அது எப்படி அடுக்கும்? கொஞ்சத்தை 'முடிந்தால்'னு மாத்துங்க."

அவள் மெதுவாக நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"என்னை ஏம்மா பார்க்கறே?"

"அண்ணி, வாரத்துல ஒரே ஒரு முதல் பீரியட். ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணுல ஆரம்பிச்சுத்தான் எல்லா சாம்ராஜ்யமும் விழுந்துச்சு. நான் வரலாறு சொல்லிக்குடுக்கறவ, எனக்குத் தெரியும்."

"அக்கா, நீ காலைல எழுந்திருக்கறதே ஒரு வரலாற்று நிகழ்ச்சிதான். வாரத்துக்கு ஒண்ணு நடக்கட்டும்" என்றான் தம்பி.

"டேய், பந்துக்குக் காத்தடிக்கிற வேலையை மட்டும் பாரு. இங்க வந்து அடிக்காதே." ஆனாலும் சிரிப்பை அடக்க முடியாமல், "சரி, வியாழக்கிழமை. அதுவும் இவ முகத்துக்காக" என்றாள்.

சயின்ஸ் சாரின் லேப் தவிர, ஆசிரியர்கள் கேட்டிருந்த மற்ற எல்லாவற்றையும் 'முடிந்தால்' என்று மாற்றினார்கள். மறுபடி அழுத்தினார்கள். இம்முறை கோடு நிற்காமல் ஓடியது. ஒன்பதாம் வகுப்பு நிரம்பியது. பத்தாம் வகுப்பு நிரம்பியது. நாத்தனாரே எழுந்து நின்றுவிட்டாள். "போகுது போகுது போகுது!" என்று கம்ப்யூட்டர் மிஸ் மேஜையைத் தட்டினாள்.

மறுபடி சிவப்பு.

"இடம் கிடைக்காத பீரியட், இருபது" என்று படித்தாள் கம்ப்யூட்டர் மிஸ். "இருபதுமே விளையாட்டு பீரியட்!"

"அதெப்படி? விளையாட்டுல என்ன சிக்கல்? அது கடைசி ரெண்டு பீரியட்ல போய் உட்கார்ந்துக்கும். இத்தனை வருஷமா அப்படித்தானே போடறேன்?"

"ஆசிரியர் மோதல்னு காட்டுது டீச்சர். ஒரே ஆள் ஒரே நேரத்துல மூணு கிளாஸ்ல இருக்க முடியாதாம்."

"சாஃப்ட்வேர்லதான் ஏதோ தப்பு. அட்டையில ஒருநாளும் மோதலே வந்ததில்லையே!"

"தப்பு இருந்தா மத்த பாடத்துலயும் வரணுமே" என்றாள் கம்ப்யூட்டர் மிஸ், தயக்கத்துடன்.

கணக்கு டீச்சருக்கு ரோஷம் வந்துவிட்டது. போன வருடத்து டைம் டேபிள் ஒவ்வொரு வகுப்பின் கதவிலும் இன்னும் ஒட்டியிருக்கும். விடுவிடுவென்று வெளியே போனாள். ஆறாம் வகுப்பின் கதவு: செவ்வாய், கடைசி பீரியட், விளையாட்டு. எட்டாம் வகுப்பு: செவ்வாய், கடைசி பீரியட், விளையாட்டு. ஒன்பதாம் வகுப்பு: செவ்வாய், கடைசி பீரியட், விளையாட்டு. வராந்தாவின் கோடியில் நின்று விரலை மடக்கினாள். பதினைந்து பிரிவு, பிரிவுக்கு இரண்டு விளையாட்டு பீரியட். முப்பது. நாளைக்குக் கடைசி இரண்டு, வாரத்துக்கு ஐந்து நாள். பத்து. முப்பதைப் பத்தில் திணித்திருக்கிறாள். ஆறாம் வகுப்புப் பையன்கூடப் போட்டுவிடும் வகுத்தல் அது.

மற்ற ஆசிரியர்களுக்கெல்லாம் தனித்தனியாக ஒரு சார்ட் எழுதிக் கொடுப்பது அவள் வழக்கம். எழுதும்போதே மோதல் தெரிந்துவிடும். அவனுக்கு மட்டும் எழுதியதே இல்லை. கடைசி இரண்டு பீரியடும் கிரவுண்டில் இருப்பார், மற்ற நேரமெல்லாம் லீவு போட்ட யாருக்காவது பதிலாகப் போவார். இதற்கு எதற்குத் தனியாக ஒரு சார்ட்? அதுவும் வீட்டு மனிதர்.

திரும்பி வந்து அவன் எதிரில் நின்றாள்.

"மூணு கிளாஸும் ஒரே நேரத்துல கிரவுண்டுக்கு வந்தா என்ன பண்ணுவீங்க?"

அவன் பந்திலிருந்து ஊசியை உருவினான். "வராது."

"ஏன் வராது? மூணு கதவுலயும் எழுதியிருக்கே!"

"ஒண்ணை நீ எடுத்துக்குவ, போர்ஷன் முடியலைன்னு. ஒண்ணை சயின்ஸ் சார் எடுத்துக்குவார், ரெக்கார்டு எழுதணும்னு. மூணாவதை அக்கா எடுக்க மறந்துட்டா, அது எனக்கு."

"டேய்!" என்றாள் அக்கா.

கம்ப்யூட்டர் மிஸ் சிரிக்கத் தொடங்கியவள், டீச்சரின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள்.

"அப்போ பரீட்சை முடிஞ்ச வாரத்துல? அப்போ யாரும் எடுக்க மாட்டோமே?"

"அப்போ மூணும் வரும்." அவன் முகம் மலர்ந்துவிட்டது. "நூறு பேருக்கு மேல. திருவிழாக் கூட்டம் மாதிரி! ரெண்டே பந்து. எல்லாரையும் பெரிய வட்டமா நிக்க வச்சு என்னத்தையோ ஆடுவோம். விசில் ஊதி ஊதித் தொண்டையே போயிடும்."

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"ஸ்கூல் விஷயமாச்சே" என்றான் அவன்.

அவளுக்குச் சுருக்கென்றது. யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது என்று அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நடுநிலைமை காத்திருக்கிறாள். காத்த லட்சணம் இது! அழுகை வரும் என்று நினைத்தாள். வந்ததோ வேகம். தவறான விடையின் காரணம் பிடிபட்டுவிட்டால் எந்தக் கணக்கு டீச்சருக்கும் கை பரபரக்கத்தானே செய்யும்? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"விளையாட்டு கடைசி ரெண்டு பீரியட்லதான் வரணும்னு ஒரு விதி போட்டிருக்கேனே, அதை எடுத்துடு."

"முழுசாவா டீச்சர்? காலைலயும் வருமே!"

"வரட்டும்."

"ஹெச்.எம். கேப்பாரே?"

அவள் அப்போதே போனை எடுத்துத் தலைமை ஆசிரியரைக் கூப்பிட்டாள். மறுமுனையில் அவர் இழுத்தார். "காலைல விளையாட்டா? வேர்வையோட கிளாஸுக்கு வந்து உட்காருவாங்களேம்மா..."

"கடைசி பீரியட்ல வேர்த்தா மட்டும் மணக்குமா சார்?"

நாத்தனார் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுமுனையில் அவர் விட்டுக்கொடுத்தார். "என்னமோ பண்ணுங்க. திங்கட்கிழமை காலைல ஒவ்வொரு கதவுலயும் சார்ட் இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு."

அழுத்தினார்கள். இருபது என்பது ஒன்பதாகக் குறைந்தது. அதற்குமேல் நகரவில்லை. காலை நேரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது கணக்குப் பாடம். 'கணக்கு மதியத்துக்கு முன்புதான்' என்பதையும் அவள்தான் கட்டாயமாக்கியிருந்தாள். மூளை சுறுசுறுப்பாக இருக்கும் நேரம் கணக்குக்குத்தான் என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் மேஜையைத் தட்டி வாங்கிய உரிமை அது.

"அதையும் 'முடிந்தால்'னு மாத்து" என்றாள்.

"ஐயையோ, உங்க கோட்டையிலயே கை வைக்கிறீங்களா?"

"கோட்டைதான் குறுக்க நிக்குது."

ஒன்பது நான்காயிற்று. நான்கு இரண்டாயிற்று. இப்போது நால்வரும் திரைக்கு முன்னால் தலையோடு தலை மோத நின்றார்கள். பந்துகள் கவனிப்பாரற்று மேஜைகளுக்கு அடியில் உருண்டன.

"ஏழாம் வகுப்பு புதன் ரெண்டாவதை வெள்ளிக்கு மாத்திப் பாரு!"

"வெள்ளிக்கிழமை லேப் இருக்கு டீச்சர்!"

"லேப் ஒன்பதாம் வகுப்புக்குத்தானே? ஏழுக்கு என்ன?"

"அட ஆமா!"

"என் புதன்கிழமை முதல் பீரியடையும் வேணும்னா எடுத்துக்கோங்கடி!" என்று நாத்தனார் கத்தினாள். கத்தியபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. அதற்குள் கம்ப்யூட்டர் மிஸ் அதைத் தட்டிவிட்டிருந்தாள்.

"அக்கா, சாம்ராஜ்யம்!" என்றான் தம்பி.

"போனா போகட்டும்டா, அழுத்தச் சொல்லு!"

பச்சைக் கோடு நகர்ந்தது. மெதுவாக, நத்தையைப் போல. இம்முறை வர்ணனை செய்யக்கூட அவனுக்கு வாய் வரவில்லை. கணக்கு டீச்சர் தன்னையறியாமல் அவன் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். கோடு விளிம்பைத் தொட்டது. திரை முழுக்கப் பச்சை. 'இடம் கிடைக்காத பீரியட்: இல்லை.'

அடுத்த கணம் அந்த அறையில் எழுந்த கூச்சலில் வாட்ச்மேன் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து கதவில் நின்றார். நாத்தனார் கம்ப்யூட்டர் மிஸ்ஸைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். பி.டி. மாஸ்டர் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து நீளமாக ஒன்று ஊதினான். வாட்ச்மேன் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

"ஆசிரியர் சார்ட்டும் வருமா?" என்று கேட்டாள் கணக்கு டீச்சர்.

"எல்லாருக்கும் வரும்."

"முதல்ல இவருக்கு எடு."

பிரிண்டர் கிரீச்சிட்டு ஒரு தாளைத் துப்பியது. அவன் அதை இரண்டு கையாலும் வாங்கினான். திங்கள் முதல் வெள்ளி வரை நிறைந்த கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு வகுப்பு. ஜன்னல் பக்கம் போய் நின்று வெகுநேரம் அதையே பார்த்தான். வெளியே மைதானம் வெயிலில் காலியாகக் கிடந்தது.

அவள் அவன் அருகில் போய் நின்றாள். "நான் கேக்கறது வீட்டு விஷயமா ஸ்கூல் விஷயமான்னு எனக்குத் தெரியலை. அந்தப் பெரிய ஸ்கூலுக்கு என்ன பதில் சொல்லப்போறீங்க?"

"இன்னும் சொல்லலை."

"ஏன் சொல்லலை?"

"போகாதேன்னு நீ சொல்லலையே."

"நீங்க மட்டும் உங்க மனசுல இருக்கறதைச் சொன்னீங்களா?"

இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். முறைப்பு நிலைக்கவில்லை. அவள் உதட்டில் சிரிப்பு துடித்தது. "போகாதீங்க" என்றாள், மெதுவாக.

"டீச்சர்!" கம்ப்யூட்டர் மிஸ்ஸின் கை மௌஸின் மேல் தயாராக இருந்தது. "இதை முடிவு பண்ணிட்டேன்னா அப்புறம் மாத்த முடியாது. எல்லாருக்கும் விருப்பம் போட்டிருக்கோம். சாருக்கு மட்டும் அந்த இடம் காலியா இருக்கு. அப்படியே விட்டுடவா?"

கணக்கு டீச்சர் கணவனைப் பார்த்தாள். அவனுக்கு என்ன வேண்டியிருக்கும் என்று ஊகித்து, அவளே எதையாவது சொல்லி நிரப்பிவிடலாம். ஆனால் எல்லாரும் கேட்டுத்தானே வாங்கினார்கள்? அவனும் ஒரு தடவையாவது கேட்கட்டும். அதை அவள் காதால் கேட்க வேண்டும்.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள், மற்ற ஆசிரியர்களிடம் கேட்கும் அதே குரலில்.

அவன் கை தானாகக் காது மடலுக்குப் போனது. வாய் திறந்தது.

"ஒண்ணும் இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. ஒப்பந்தத்துல பாதி என்னோடது. என் பாதியை நான் கிழிச்சாச்சு."

"கேளுடா தம்பி" என்றாள் அக்கா. "பந்து கேக்கற பையன் மாதிரி முழிக்காதே."

"கேட்டா..." அவன் திரையைக் காட்டினான். "கேட்டா இவ்வளவும் கலையும். மறுபடி முதல்லேருந்து அடுக்கணும்."

"கலைஞ்சா கலையட்டும். ஃபேன் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? ஒண்ணும் பறக்காது. சொல்லுங்க."

அவன் கையைக் காதிலிருந்து எடுத்தான். தாளை மடிக்காமல் மேஜைமேல் வைத்தான். கம்ப்யூட்டர் மிஸ் மௌஸை விட்டுவிட்டு விசைப்பலகைக்குக் கையை மாற்றினாள்.

"இந்த ஸ்கூல்ல நான் சேர்ந்ததுலேருந்து ஒரு ஆட்டம்கூட முழுசா முடிஞ்சதில்ல. பந்தை எடுத்து, ரெண்டு அணியாப் பிரிச்சு, ஓட ஆரம்பிச்சாலே பெல் அடிச்சுடுது. யாரு ஜெயிச்சாங்கன்னு கேட்டுக்கிட்டே பசங்க வீட்டுக்குப் போறாங்க. நானும் அப்படித்தான் வீட்டுக்கு வர்றேன். அங்க போனா அது நடக்கும்னுதான் யோசிச்சேன். போகலை. இங்கயே இருக்கேன். அதனால இப்போ கேக்கறேன்." ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டான். "ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்துல வர்ற அந்த ரெண்டு பீரியடையும் சேர்த்து, ஒண்ணா, தொடர்ச்சியாக் குடு. கட்டாயம்னு போடு. யாரும் அதுல கை வைக்கக் கூடாது. நீயும்தான்."